ஓடும்போது மணிக்கூடு காட்டும் 168 என் இதயமா, என் காலா?

கடற்கரைவீதி டீச்சர் (கல்லடி)

எனக்கு வயது 44. பாடசாலை ஆசிரியை. சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று வைத்தியர் சொன்னதால் இந்த வருடம் மெல்லோட்டம் தொடங்கினேன். திருச்செந்தூர் முருகன் கோவில் பக்கமிருந்து புறப்பட்டு, பாலத்தைத் தாண்டி நகரப் பக்கம் இறங்கித் திரும்புவேன். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கட்டாரில் இருக்கும் தம்பி ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு அனுப்பினான். அடியில் பச்சை விளக்கு மினுங்கும் வகை. வீட்டில் இருக்கும்வரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில் விடைத்தாள் திருத்தும்போது 66, 68 என்று காட்டும்; விரல் வைத்து எண்ணினாலும் அதுவேதான். ஓடத் தொடங்கினால்தான் அதற்குப் பேய் பிடிக்கிறது. முதல் சில நிமிடம் 95, 100 என்று நிற்கும். பிறகு ஒரே தாவலாக 168. அதன்பின் 167, 168, 169, அதைவிட்டு அசையாது. பாலத்துக்கு ஏறும் மேட்டிலும் 168, இறங்கும்போதும் 168. செயலி படம் முழுவதையும் சிவப்பில் தீட்டி "உச்ச வலயம்" என்று எழுதுகிறது. நானோ பக்கத்து வீட்டு அக்காவுடன் கதைத்துக்கொண்டே ஓடுகிறேன். அவருடைய மருமகளின் குணத்தைப் பாலத்தின் ஒரு கரையில் எடுத்தால் மறுகரை வரை ஆராய்வோம். மூச்சு வாங்குவதில்லை.

இடது கையில்தான் கட்டுகிறேன். அதே கையில் இரண்டு வளையல், மாமாங்கக் கோவிலில் கட்டிய நூல் ஒன்று. வார் சற்றுத் தளர்வு. இறுக்கினால் வியர்த்துக் கடிக்கிறது.

வீட்டுக்காரர் மணிக்கூடு போலி என்கிறார். தம்பியோ "அக்காவுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு" என்று கட்டாரிலிருந்து அழாத குறை. வைத்தியரிடம் போய் "மணிக்கூடு சொல்கிறது" என்று நிற்பதற்கு முன் இங்கே கேட்கிறேன். யார் சொல்வது சரி?

---

வெபர் மைதானத்து மாஸ்டர்

இருவர் சொல்வதும் சரியில்லை டீச்சர். அந்த 168 உங்கள் கால்.

மெல்லோட்டம் ஓடுகிறவர்களில் பலர் நிமிடத்துக்கு 150 முதல் 180 வரை அடி வைப்பார்கள். வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் அடியின் நீளம் மாறுமே தவிர, எண்ணிக்கை பெரிதாக மாறாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே எண் வந்ததன் காரணம் அதுதான். இதயம் அப்படி அளவுகோல் வைத்துக் கோடு போடாது. ஏறும்போது ஏறும், இறங்கும்போது சற்றுத் தாமதித்து இறங்கும். பாடசாலை மைதானத்தில் விசிலோடு ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், நிமிடக்கணக்கில் மட்டமாகக் கிடக்கும் இதயத்துடிப்புக் கோட்டைக் கண்டால் முதலில் காலைச் சந்தேகியுங்கள்.

மணிக்கூடு உங்கள் இதயத்தைக் கேட்பதில்லை. தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. குருதியின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குருதி வரும். அப்போது திரும்பும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. ஆனால் அது மிகச் சிறியது, திரும்பி வரும் மொத்த ஒளியில் ஒரு சில சதவீதமே. நீங்கள் ஓடும்போது கை வீசுகிறது, மணிக்கூடு தோலின்மேல் வழுக்குகிறது, குருதியும் தசையும் குலுங்குகின்றன. இவை ஒளியில் உண்டாக்கும் மாற்றம் துடிப்பின் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிது. கண்ணகி அம்மன் சடங்கில் பறைமேளம் முழங்கும்போது நடுவில் ஒலிக்கும் உடுக்கைப் பிரித்து எண்ணச் சொல்வது போன்ற வேலை. உள்ளே அசைவை அளக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. அதை வைத்து அசைவின் தாளத்தைக் கழித்துவிட மென்பொருள் முயலும். துடிப்பு பலவீனமாகத் தெரிந்து அடியின் தாளம் பலமாகத் தெரிந்தால், மென்பொருள் அடியையே துடிப்பென்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால் இலேசில் விடாது.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். செயலியில் அடிவீதம் என்று தனி வரைபடம் இருக்கும். அதையும் துடிப்பு வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால் வழக்கு முடிந்தது. அப்படி ஒரு படம் இல்லையென்றால், ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் 30 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

அடுத்து, ஓட்டத்தின் நடுவில் நின்று உடனே விரல் வையுங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கம், ஆட்காட்டி விரலும் நடுவிரலும். பெருவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முழு நிமிடம் எண்ணக் கூடாது. நின்ற கணத்திலிருந்தே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும், எண்ணி முடிக்குமுன் விடை பழையதாகிவிடும். முதல் துடிப்பைச் "சுழியம்" என்று தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கினால் நான்கு கூடிப்போகும்.

இனிக் கட்டும் முறை. உங்கள் கேள்வியிலேயே விடை கிடக்கிறது: வளையல், நூல், தளர்ந்த வார். வளையல் ஓடும்போது மணிக்கூட்டைத் தட்டித் தட்டி நகர்த்தும். நூல் சென்சருக்கு அடியில் போனால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், வெளி வெளிச்சம் உள்ளே புகும். நேர்த்திக்குக் கட்டிய நூலை அவிழ்க்கச் சொல்ல நான் யார்? அது மணிக்கட்டில் இருக்கட்டும். மணிக்கூட்டை மேலே ஏற்றுங்கள்: புடைத்து நிற்கும் எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம். அங்கே சதை கூடுதல், வளைவு குறைவு. வளையலை மற்றக் கைக்கு மாற்றுங்கள். மணிக்கூட்டை விரலால் தள்ளினால் தோலும் சேர்ந்து நகர வேண்டும், அந்தளவு இறுக்கம் போதும். விரல் மரத்துப்போகும்வரை இறுக்கினால் சென்சருக்குக் கீழே குருதியே வராது, அதுவும் கேடு. ஓட்டம் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், கடிக்காது.

புறப்படும் முன் செயலியில் "ஓட்டம்" என்று தெரிவு செய்யுங்கள். சும்மா கட்டிக்கொண்டு ஓடினால் பல மணிக்கூடுகள் பற்றரியை மிச்சம் பிடிக்க இடையிடையே மட்டுமே அளக்கும். முதல் ஐந்து நிமிடம் வேக நடை. உடம்பு சூடேறித் தோலுக்குக் குருதி வந்த பிறகு ஓடினால், மணிக்கூடு சரியான தாளத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டத்துக்குள் வரும்.

அந்த "உச்ச வலயம்" பற்றி ஒரு வார்த்தை. பல செயலிகள் 220 இலிருந்து வயதைக் கழித்து உச்சத்தைப் போடும், உங்களுக்கு 176. இந்தச் சூத்திரம் 1971 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் திரட்டிய தரவுகளிலிருந்து பரவியது. ஆளுக்காள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருப்பது சாதாரணம். 2001 இல் ஆய்வாளர் தனாகாவும் கூட்டாளிகளும் தந்த சூத்திரத்தில் வயதை 0.7 ஆல் பெருக்கி 208 இலிருந்து கழிக்க வேண்டும், உங்களுக்கு 177. எதை எடுத்தாலும் 168 என்பது உச்சத்தின் 95 சதவீதம். அந்த நிலையில் எவராலும் பக்கத்து வீட்டு மருமகளை ஆராய முடியாது. உங்கள் வாய்தான் அந்த மணிக்கூட்டைவிட நல்ல கருவி டீச்சர், கோபிக்க வேண்டாம்.

---

காத்தான்குடிக் கடைக்காரன்

மாஸ்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, கடைப் பக்கத்திலிருந்து சில சங்கதிகள் மட்டும்.

போலி என்று சொல்பவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள்: மணிக்கூட்டை வாழைப்பழத்தில் கட்டி, "பாருங்கள், பழத்துக்கும் நாடி துடிக்கிறது" என்பார்கள். நல்ல கம்பனி மணிக்கூடும் சில வேளை பழத்தில் எண் காட்டும். திரும்பி வரும் ஒளியில் ஏதாவது தாளம் தேடுவதுதான் அதன் தொழில், கட்டியது கையா பழமா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே பழச் சோதனையை வைத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னால் ஏற்க வேண்டாம். இருந்த இடத்தில் விரலோடு ஒத்துப்போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். சென்சர் நன்றாகவே இருக்கிறது.

கடற்கரையில் ஓடுபவர்கள் கொண்டுவரும் மணிக்கூடுகளைத் திருப்பிப் பார்த்தால் அடிக் கண்ணாடியில் உப்பும் எண்ணெயும் சேர்ந்த ஒரு படலம் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் துடையுங்கள். பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம், கண்ணாடி கீறிப்போகும். நம்மவர்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்யும்போது கழற்றி வைத்து, கை காய்ந்த பின் கட்டுவது நல்லது. ஈரமும் சவர்க்காரமும் அடியில் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும். உங்களுக்குக் "கடிக்கிறது" என்பதும் அதுவாக இருக்கலாம். றப்பர் வாரை மாற்றி, ஒட்டிப் பிரிக்கும் நைலோன் வார் போடுங்கள். றப்பரில் துளைக்குத் துளைதான் இறுக்க முடியும்: ஒன்று தளரும், அடுத்தது நெரிக்கும். நைலோனில் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

---

படுவான்கரைச் சைக்கிள்

ஓட்டத்துக்கு மாஸ்டர் சொன்னது சரிவரும். சைக்கிளுக்கு வராது. எழுவான்கரையில் கல்முனை வரை கார்ப்பெற் வீதியில் போனால் ஓரளவு ஒழுங்காகக் காட்டும். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் கிரவல் பாதையில் இறங்கினால், நெஞ்சு வெடிக்கும்படி மிதிக்கும்போது 90 என்று காட்டும். கைபிடியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடிகிறது, தசைநாண்கள் புடைக்கின்றன, பாதையின் அதிர்வு முழுவதும் கை வழியாக ஏறுகிறது. எவ்வளவு மேலே ஏற்றிக் கட்டினாலும் அந்த அதிர்வு போகாது.

நெஞ்சுப் பட்டி வாங்குங்கள் என்பதே என் பதில். அது ஒளியைப் பார்ப்பதில்லை, இதயத்தின் மின் சைகையையே நெஞ்சில் பிடிக்கிறது. ஈசிஜியின் சின்னத் தம்பி. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982 இலேயே கம்பியில்லாத கருவியை விற்பனைக்கு விட்டது. பழைய சாமான், நம்பகமான சாமான். கட்டுமுன் பட்டியின் உட்பக்கத்தை நனைக்க வேண்டும். வரட்டுத் தோலில் மின் தொடர்பு கிடைக்காது. கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் கவனம். அந்த வரட்சியில் வியர்வை வருமுன் நைலோன் சட்டை படபடத்து உரசினால் நிலைமின்னால் 200, 210 என்று துள்ளும். வியர்த்ததும் அடங்கிவிடும். பாவித்த பின் அலசிக் காயவிடாவிட்டால் உப்பு ஏறிப் பட்டி வீணாகும்.

---

அறுகம்குடாப் பெடியன்

இடையில் ஒன்று கேட்கிறேன். நான் கறுப்பு, கையில் பச்சை குத்தியும் இருக்கிறேன். அலைச்சறுக்கு முடிந்து பார்த்தால் பாதி நேரம் துடிப்பே பதிவாகவில்லை. நிறத்தால்தானா?

---

வெபர் மைதானத்து மாஸ்டர்

தம்பி, முதல் காரணம் தண்ணீர். மணிக்கூட்டுக்கும் தோலுக்கும் இடையில் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும்போது ஒளி சிதறும். இரண்டாவது பச்சை குத்தியது. அடர்ந்த மை ஒளியைத் தடுக்கும், மணிக்கூட்டை மற்றக் கைக்கு மாற்றுங்கள். நிறம் கடைசிக் காரணம். கறுத்த தோல் பச்சை ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை. அதைச் சரிக்கட்ட மணிக்கூடு ஒளியைக் கூட்டிக்கொள்ளும். இதில் ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தார் 2020 இல் வெளியிட்ட ஆய்வில் தோல் நிறங்களுக்கிடையே துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அசையும்போது பிழை, ஓய்வில் இருந்ததைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. நம் நிறத்தைப் பழி சொல்லுமுன் நம் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

---

இரவுப்பணித் தாதி (அக்கரைப்பற்று)

அக்கா, உங்கள் தம்பியின் பயத்துக்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

விரல் வைத்து எண்ணும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஒழுங்கையும் பாருங்கள். ஓய்வில் ஒரே சீராக 66 என்றால் நல்லது. இடையிடையே ஒன்று தவறுவது போலவோ, தாளமே இல்லாமல் தாறுமாறாகவோ இருந்தால் வைத்தியரிடம் ஈசிஜி எடுக்கக் கேளுங்கள். இந்த இடத்தில் மணிக்கூடு வேறு வகையில் ஏமாற்றும்: குறைமாதக் குழந்தை போல முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் சில, மணிக்கட்டு வரை குருதியைத் தள்ளும் பலமில்லாதவை. இதயம் துடித்திருக்கும், கைக்கு வந்திருக்காது. அப்போது மணிக்கூடும் விரலும் இரண்டுமே குறைத்துத்தான் சொல்லும். அதனால்தான் வார்டில் சந்தேகம் வந்தால் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க, மற்றவர் கையில் எண்ணுவோம்.

இரத்த அழுத்தத்துக்கு அட்டெனொலோல், பிசொப்ரொலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மாஸ்டர் சொன்ன இரண்டு சூத்திரமும் பொருந்தாது. அந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும்.

இன்னொன்று, காட்டும் பெரிய எண் எல்லாம் பொய் என்று நினைத்துவிடவும் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பைக் குளிராக்கத் தோலுக்கு நிறையக் குருதி அனுப்ப வேண்டியிருக்கிறது, வியர்வையில் நீரும் போகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகு துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். அது உண்மையான ஏற்றம். ஒரே தாவலில் ஏறி நேர்கோடாய்க் கிடப்பதே சந்தேகத்துக்குரியது. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றி விழப்போகும் உணர்வு, ஓய்வில் இருந்தும் நூறுக்கு மேல் நிற்கும் துடிப்பு, இவற்றில் ஒன்று வந்தால் செயலியைத் திறக்காதீர்கள். ஓய்விலும் நூறுக்கு மேல் என்றால் அன்றே வைத்தியரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ என்றால் 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

நெஞ்சுப் பட்டி பற்றிச் சைக்கிள் தம்பி இலகுவாகச் சொல்லிவிட்டார். விடியற்காலையில் வீதியில் ஓடும் பெண்ணுக்கு அதை உள்ளே கட்டுவதும் நடுவில் வழுக்கினால் சரிசெய்வதும் அவ்வளவு இலகுவல்ல. மேற்கையில் கட்டும் ஒளிப் பட்டி கிடைக்கிறது. முழங்கைக்கும் தோளுக்கும் இடையில், சட்டைக் கைக்குள்ளேயே மறைந்துவிடும். அங்கே சதை அதிகம், வீச்சுக் குறைவு. நெஞ்சுப் பட்டிக்கு அடுத்தபடி அதுதான்.

---

கடற்கரைவீதி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் சேர், வழக்கு முடிந்தது. செயலியின் அடிக்குள் புதைந்து கிடந்த அடிவீதப் படத்தைத் தேடி எடுத்தேன். பழைய ஓட்டங்கள் எல்லாவற்றிலும் 166 முதல் 170. துடிப்புப் படத்தின் மேல் வைத்தால் ஒரே கோடு.

இன்று காலை வளையலைக் கழற்றி, நூலைக் கீழே விட்டு, மணிக்கூட்டை மேலே ஏற்றி, சட்டைக் கையை அதற்கு முன்னால் மடித்துக் கட்டினேன். வேக நடையில் 112. ஓடும்போது 130 இல் தொடங்கி, பாலத்து மேட்டில் 141, இறங்கி வரும்போது 135. நின்று விரல் வைத்து எண்ணினேன். 15 வினாடியில் 34 வந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எண்ணிப் பார்த்தேன், அவர் எண்ணும் நேரத்திலும் வாயை மூடவில்லை.

தம்பிக்கு இரண்டு படத்தையும் அனுப்பினேன். "அப்படியானால் புது மணிக்கூடு வாங்கித் தரட்டுமா" என்று கேட்கிறான். வேண்டாம், மேற்கைப் பட்டி அனுப்பு என்றேன்.

ஒரு கேள்வி மிச்சம். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அரை நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் நடை என்று மாறி மாறி ஓடுகிறேன். அதில் மணிக்கூடு வேகமாக ஓடும்போது குறைவாகவும் நடக்கும்போது கூடுதலாகவும் காட்டுகிறது. இதுவும் காலா?

---

வெபர் மைதானத்து மாஸ்டர்

அது கால் இல்லை, தாமதம். இதயமே ஏறச் சில வினாடி எடுக்கும். அதன் மேல் மணிக்கூடு கடந்த சில வினாடிகளின் அளவைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் எண்ணைக் காட்டும். அரை நிமிட ஓட்டத்துக்கு அது உதவாது, நெஞ்சுப் பட்டியிலும் கொஞ்சம் பிந்தித்தான் ஏறும். அப்படிப்பட்ட ஓட்டத்தில் எண்ணைப் பார்க்காமல் நேரத்தையும் தூரத்தையும் பாருங்கள். பிள்ளைகளுக்கும் விரல் வைத்து எண்ணப் பழக்குங்கள், நாற்பது பேருக்கு நாற்பது மணிக்கூடு எங்கே போய் வாங்குவது.

---

காத்தான்குடிக் கடைக்காரன்

டீச்சர், நைலோன் வார் வேண்டுமென்றால் பழைய வார் மாட்டும் இடத்தின் அகலத்தை அடிமட்டத்தால் அளந்து சொல்லுங்கள். 20 மில்லிமீற்றர் கறுப்பும் நீலமும் இருக்கிறது. 22 என்றால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் வரும்.

---

கடற்கரைவீதி டீச்சர்

22. கறுப்பு.